கேரம் போர்டில் கட்டிய பூச்சி ஜிம்

அக்கா மகன் கையிலிருந்த என் பழைய நின்டெண்டோ டி.எஸ். வீடியோ கேம் கருவி மாடிப்படியில் உருண்டு மேல் திரை கறுத்துப்போன நேரத்தில், அவன் போக்கிமான் ஹார்ட்கோல்டில் அசேலியா ஊர் ஜிம்முக்குள் நின்றிருந்தான். மூன்று தடவை பக்சியிடம் தோற்று, நாலாவது தடவை எப்படியும் ஜெயித்துவிடுவேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டு உட்கார்ந்தவன். ஆட்டத்தை 'சேவ்' செய்தும் வைக்கவில்லை. அழவில்லை, ஆனால் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, அது அழுவதை விட மோசம். மூன்றாம் நாள் வந்து, "மாமா, அந்த ஜிம்மை நாமளே செஞ்சா என்ன?" என்றான். நானும் ஞாயிற்றுக்கிழமைச் சோம்பலில் சரி என்று தலையாட்டிவிட்டேன். அந்தச் சரிக்கு ஐந்து வாரம் ஆனது.

விளையாட்டு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். வடசென்னையில் ஜிம் என்றால் தண்டாலும் கர்லாக்கட்டையும் குத்துச்சண்டைப் பையும்தான். போக்கிமானில் ஜிம் என்பது ஊருக்கு ஒன்றாக இருக்கும் சண்டைக்களம். உள்ளே ஒரு தலைவர் இருப்பார், அவரை ஜெயித்தால் ஒரு பேட்ஜ். அசேலியா ஜிம்மின் தலைவன் பக்சி என்ற பொடியன், அவன் சண்டைக்கு விடும் போக்கிமான் பிராணிகள் எல்லாம் பூச்சி வகை. 1999-ல் ஜப்பானில் வந்த கோல்ட், சில்வர் விளையாட்டுகளில்தான் இந்த ஜிம் முதலில் வந்தது. அப்போது நேராக நடந்துபோய்ச் சண்டை போட்டால் முடிந்தது. 2009-ல் ஹார்ட்கோல்ட், சோல்சில்வர் என்று அதையே புதுப்பித்தபோது உள்ளே பெரிய பள்ளம் தோண்டி, மேலே சிலந்தி நூல் கட்டி, ஸ்பினராக் என்ற பச்சைச் சிலந்தியின் வடிவத்தில் வண்டி விட்டார்கள். வண்டியில் ஏறினால் அது நூல் வழியாக உங்களைப் பள்ளத்துக்கு மேலே இழுத்துக்கொண்டு போகும். பையனைக் கிறுக்குப் பிடிக்க வைத்தது பக்சி இல்லை, இந்த வண்டிதான்.

வேறு பூச்சி ஜிம்களையும் யோசித்துப் பார்த்தோம். 2010-ல் வந்த பிளாக், வைட் என்ற போக்கிமான் விளையாட்டுகளில் காஸ்டீலியா ஜிம் முழுக்கத் தேன் சுவர், அதற்குள் புகுந்து புகுந்து போக வேண்டும். எங்கள் வீட்டில் சர்க்கரை டப்பாவையே தண்ணீர்த் தட்டில்தான் வைக்கிறோம், தேன் சுவர் வைத்தால் தெருவில் உள்ள எறும்பு அத்தனையும் வந்து பேட்ஜ் கேட்கும். ஸ்கார்லெட், வயலெட்டில் வரும் கார்டோண்டோ ஜிம்மில் பெரிய ஆலிவ் பழத்தை உருட்டிக்கொண்டு போக வேண்டும், அதற்கு ஜிம் எதற்கு, ஒரு கோலிக்குண்டு போதும். நூலும் வண்டியும்தான் செய்து பார்க்க லாயக்கு.

பையனுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் சிலந்தி பூச்சி இனமே இல்லை, அதற்கு எட்டுக் கால் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அப்புறம் பூச்சி ஜிம்மில் சிலந்தி எப்படி என்றான். நியாயமான கேள்வி. ஆனால் நாம் அதை எட்டுக்கால் பூச்சி என்றுதானே சொல்கிறோம். ஜப்பான்காரர்களும் நம்ம கட்சிதான், அந்த வகைக்கு அவர்கள் வைத்த பெயர் 'முஷி'. நாம் பூச்சி புழு என்று மொத்தமாகச் சொல்கிற மாதிரி வண்டு, சிலந்தி, புழு எல்லாம் அதில் அடக்கம். ஆறு காலா எட்டுக் காலா என்று எண்ணுகிற வேலை அதில் இல்லை.

அடித்தளத்துக்கு அட்டைப்பெட்டிதான் முதலில் நினைத்தேன். நூலை இறுக்கினால் அட்டை வளைகிறது, ஒரே நாளில் விட்டாயிற்று. அப்போதுதான் தெருமுனை கேரம் கிளப் வாசலில் சுவரில் சாய்த்து வைத்திருந்த ஒரு பழைய போர்டு ஞாபகம் வந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் கிடந்து பிளைவுட் உப்பிப்போன போர்டு. அடித்தால் காயின் தானாகவே ஒரு பக்கம் ஒதுங்கும். ஆனால் சட்டம் நல்ல கட்டை, தண்ணீர் அதை ஒன்றும் செய்யவில்லை. கிளப்பைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் கேட்டேன். எங்கள் பக்கம் கேரம் போர்டு கேட்பது சாமி சிலையைக் கேட்கிற மாதிரி. 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலக கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கி வந்த காஜிமா இந்த வடசென்னைப் பெண்தான், அதற்குப் பிறகு கேட்கவே வேண்டாம். அவர் போர்டைத் தடவிப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "ஜிம்முன்ற, இதுல எங்கடா தண்டால் எடுப்பாங்க?" என்று கேட்டுவிட்டுக் கொடுத்துவிட்டார்.

கேரம் போர்டு இந்த வேலைக்கென்றே செய்தது போல இருந்தது. ஆடும் தளம் 74 சென்டிமீட்டர் சதுரம், சுற்றி மேலே எழும்பிய சட்டம், நான்கு மூலையிலும் ஓட்டை, அதற்குக் கீழே வலைப்பை. சட்டத்தின் மேல் நூல் கட்டினால் தளம் பள்ளம் ஆகிவிடுகிறது. வண்டியிலிருந்து பொம்மை விழுந்தால் அதை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுவிட்டு வாசலில் இருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்று பையன் உடனே சட்டம் போட்டுவிட்டான். தளத்துக்குக் கறுப்பு பெயின்ட் இரண்டு கோட். உப்பிய இடம் பெயின்டுக்குப் பிறகு பாறை மேடு மாதிரி தெரிந்தது, அதை அப்படியே விட்டுவிட்டேன்.

இனிமேல்தான் தலைவலி. முதலில் தையல் நூல் கட்டினேன், மூன்று இழை முறுக்கி. வண்டி வைத்ததும் நடுவில் தொங்கிப் பள்ளத்தின் தரையைத் தொட்டது. காத்தாடி மாஞ்சா விறைப்பாக நிற்கும்தான், ஆனால் அது தடை செய்யப்பட்டது மட்டுமில்லை, பிள்ளை கை படுகிற பொருளில் கண்ணாடித் தூள் பூசிய நூலை வைக்க எனக்குப் பைத்தியமா. அதனால் தூண்டில் நரம்பு, அரை மில்லிமீட்டர் கனம், காசிமேட்டில் ஒரு கண்டு வாங்கினேன். கட்டினேன், வீணைத் தந்தி மாதிரி நின்றது. மறுநாள் காலையில் பார்த்தால் தந்தி போய்த் துணி காயப்போடும் கொடி ஆகியிருந்தது.

நைலானின் குணம் அது. இழுத்துக் கட்டினால் முதல் நாள் கொஞ்சம் கொஞ்சமாக நீளும், போதாக்குறைக்குக் காற்றில் உள்ள ஈரத்தையும் குடித்து இன்னும் தளரும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஈரம் வேண்டாம் என்றால் யார் கேட்பார்கள். அதற்கும் மேலே, நான் போட்ட முடிச்சுகள் ஒவ்வொன்றாக வழுக்கி அவிழ்ந்துகொண்டிருந்தன. வழுவழுப்பான நரம்பில் நாம் செருப்புக்குப் போடும் முடிச்சு நிற்காது என்பது அவிழ்ந்த பிறகுதான் உறைத்தது.

நரம்பு வாங்கிய கடைக்கே திரும்பப் போனேன். கடைக்கு எதிரே நிழலில் ஒரு தாத்தா வலை பின்னிக்கொண்டிருந்தார், கால் கட்டைவிரலில் வலையின் ஓரத்தை மாட்டிக்கொண்டு, கையில் வலை ஊசி போய் வருவது கண்ணுக்கே பிடிபடவில்லை. அவிழ்ந்த நரம்பைக் காட்டினேன். வாங்கிப் பார்த்து, "காஞ்ச முடிச்சு" என்றார், அவ்வளவுதான். அப்புறம் மெதுவாகப் போட்டுக் காட்டினார். வளையத்துக்குள் நரம்பை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் சுற்றுவது, இறுக்குவதற்கு முன்னால் முடிச்சை நாக்கில் வைத்து எச்சில் படுத்துவது, பிறகு வெடுக்கென்று இழுக்காமல் இரண்டு பக்கமும் ஒரே சீராக இழுப்பது. காய்ந்த நரம்பை இழுத்தால் உரசலில் சூடேறி முடிச்சு இருக்கும் இடமே பலவீனமாகிவிடுமாம். ஈரமாக இழுத்த முடிச்சு ஒரு சின்ன மணி மாதிரி உட்கார்ந்தது. நான் ஆறு தடவை போட்டுக் காட்டினேன், நாலு தேறியது. மீதி இரண்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு வலைக்குத் திரும்பிவிட்டார். எதற்கு என்று கடைசி வரை கேட்கவே இல்லை, மீன் பிடிக்க என்று நினைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்து இன்னொரு காரியமும் செய்தேன். நரம்பைக் கட்டுவதற்கு முன்னால் மாடியில் கொடிக்கம்பியிலிருந்து தொங்கவிட்டு, கீழே ஒரு செங்கல்லைக் கட்டி ஓர் இரவு முழுக்க விட்டேன். நீள வேண்டியதையெல்லாம் அங்கேயே நீண்டு தொலைக்கட்டும் என்று. காலையில் செங்கல் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு சாண் உயரத்தில் விட்டுவிட்டுத் தூங்கப் போனவன் நான்.

ஆணியும் சொதப்பல்தான். சட்டத்தில் வரிசையாக ஆணி அடித்தேன், நாலாவது ஆணியில் கட்டை நெடுக விரிசல் விட்டது. ஃபெவிக்கால் ஊற்றி இறுக்கிக் கட்டி ஒரு நாள் காய வைத்து, அதன் பிறகு ஆணியை விட்டுவிட்டு டிரில்லில் ஓட்டை போட்டேன். நரம்பின் ஒரு முனைக்குச் சாதாரண ஸ்குரு, மறுமுனைக்குத் தலையில் வளையம் உள்ள போல்ட். போல்ட் சட்டத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும், வெளிப்பக்கம் நட். நரம்பு தளர்ந்தால் நட்டை இரண்டு திருகு திருகினால் போதும், போல்ட் வெளியே வந்து நரம்பை இழுத்துக்கொள்ளும். இந்த ஒன்றை முதல் நாளே செய்திருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும். இதைப் பார்த்துச் செய்யப் போகிறவர்கள் ஆணி பக்கமே போக வேண்டாம்.

வண்டிக்கு வருகிறேன். ஒற்றை நரம்பில் வண்டி வைத்தால் தலைகீழாகக் கவிழும், அதனால் தண்டவாளம் மாதிரி இரண்டு விரல் இடைவெளியில் இரட்டை நரம்பு. மொத்தம் மூன்று தண்டவாளம், போர்டின் குறுக்கே முக்கோணமாக ஒன்றையொன்று வெட்டும்படி. வெட்டும் மூன்று இடத்திலும் வண்டி முட்டிக்கொள்ளுமே என்று முதலில் பயந்தேன். பிறகு அங்கேயே ஒரு மேடை வைத்துவிட்டால் வண்டி அதைத் தாண்ட வேண்டிய தேவையே இல்லை என்று தோன்றியது. ஒரு வண்டியில் இறங்கி மேடையில் ஏறி அடுத்த வண்டிக்கு மாற வேண்டும். மேடை பழைய சி.டி., கீழே தக்கை. விளையாட்டில் விசையைத் தட்டினால் வழி மாறும், அதை மட்டும் என்னால் சரியாகக் கொண்டுவர முடியவில்லை. ஐஸ் குச்சியில் ஒரு தடுப்பு வைத்து, திருப்பினால் ஒரு வழி அடைத்து இன்னொரு வழி திறக்கிற மாதிரி ஒப்பேற்றினேன்.

வண்டியின் உடம்பு தீப்பெட்டி. அடியில் இரண்டு ஸ்ட்ரா துண்டு, அதற்குள் நரம்பு. மேலே பச்சைக் காகிதம், முதுகில் ஸ்பினராக்குக்கு இருக்கும் அந்த மூஞ்சி, பக்கவாட்டில் கால்கள் துடைப்பக் குச்சி. இதை ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நாங்கள் சின்ன வயதில் இதே தீப்பெட்டியில் பொன்வண்டு வளர்த்தோம். கொடுக்காப்புளி இலையைப் போட்டு மூடி வைத்து, வகுப்பில் யாருடைய வண்டு பெரியது என்று சண்டை போட்டு, முட்டை போட்டால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்து, ஒன்றுக்கு இரண்டு பலப்பம் என்று மாற்றிக்கொண்டவர்கள். போக்கிமானை உருவாக்கிய சடோஷி தாஜிரியும் டோக்கியோ புறநகர் மச்சிடாவில் சின்ன வயதில் பூச்சி பிடித்துத் திரிந்த ஆள்தான், அந்த ஆசையிலிருந்துதான் விளையாட்டே பிறந்தது. பையனிடம் பொன்வண்டுக் கதையைச் சொன்னேன். "உள்ள மூச்சு எப்படி வுடும்?" என்றான். எனக்கு அப்போது அந்தக் கேள்வி வந்ததே இல்லை.

ஸ்ட்ரா நரம்பில் ஓடும்போது நடுவில் சிக்கிச் சிக்கி நின்றது. கேரம் போர்டு ஆயிற்றே, கை தானாகப் போரிக் பவுடர் டப்பாவுக்குப் போனது. ஸ்ட்ராவுக்குள் ஒரு சிட்டிகை ஊதிவிட்டதும் வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது, அப்படி ஓர் ஓட்டம். அக்கா எட்டிப் பார்த்து, "கரப்பானுக்கு வைக்கிறதைப் பூச்சி ஜிம்முக்குப் போட்டிருக்கியேடா" என்று சொன்ன பிறகுதான் எனக்கே சிரிப்பு வந்தது. உண்மையும் அதுதான், போரிக் ஆசிட் கரப்பான் மருந்து. பிள்ளைகள் விரலை வாயில் வைக்கும் பொருள், அதனால் துடைத்து எடுத்துவிட்டு முகத்துக்குப் போடும் பவுடருக்கு மாறினேன். ஓட்டம் கொஞ்சம் குறைவுதான், பரவாயில்லை.

அடுத்து மோட்டார் ஆசை. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்கு நடந்தேன். ரோபோ பொம்மைகளுக்குப் போடும் மஞ்சள் கியர் மோட்டார், 100 ஆர்.பி.எம்., ஒன்று வாங்கி வந்தேன். அதில் அக்காவின் தையல் மெஷின் பாபினை மாட்டினேன். பாபின் இரண்டு சென்டிமீட்டர் விட்டம், ஒரு சுற்றுக்கு ஆறே கால் சென்டிமீட்டர் நூல் இழுக்கும், நிமிடத்துக்கு நூறு சுற்று என்றால் நொடிக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல். இந்தக் கணக்கை நான் போட்டது வண்டி மேடையில் மோதிப் பக்சி பொம்மை அடுப்படி வரை பறந்த பிறகு. ஒரு தண்டவாளத் துண்டு 25 சென்டிமீட்டர்தான், இரண்டரை நொடியில் முடிந்துவிடுகிறது, அதற்குள் ஸ்விட்சை அணைக்க எங்கள் இருவருக்கும் கை வரவில்லை. பேட்டரியைக் குறைத்தால் மோட்டார் உறுமுகிறது, வண்டி நகர மறுக்கிறது.

கடைசியில் மோட்டாரைக் கழற்றிவிட்டு, பாபின் நடுவில் ஒரு சைக்கிள் கம்பித் துண்டை வளைத்துச் செருகிக் கைப்பிடி ஆக்கினேன். கிணற்று ராட்டினம் மாதிரி ஒரு பாபின் இந்த முனையில், ஒன்று அந்த முனையில், இரண்டையும் சுற்றி ஒரு நூல் வளையம், வளையத்தில் வண்டி. சுற்றினால் போகும், எதிர்ப்பக்கம் சுற்றினால் வரும். ஐந்து வண்டிக்குப் பத்து பாபின். பையனுக்கு மோட்டாரை விட இதுதான் பிடித்தது. சுற்றும்போது வண்டி தடக் தடக் என்று சின்னதாக ஆடுகிறது, உண்மையான சிலந்தி நடை. காசு கொடுத்து வாங்கிய மோட்டார் டப்பாவில் கிடக்கிறது.

பொம்மைகளைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. பக்சியிடம் மூன்று பேர்: சைதர், மெட்டாபாட், ககூனா. மெட்டாபாட் பச்சைப் பிறைநிலா மாதிரி ஒரு கூட்டுப்புழு, அதற்கு முந்திரிப் பருப்பைவிடப் பொருத்தமான பொருள் உலகத்தில் இல்லை, பெயின்ட் மட்டும் அடித்தால் போதும். பெயின்ட் அடிக்கும் முன்பே ஒன்றைப் பையன் தின்றுவிட்டான். ககூனா மஞ்சள் பூசிய பேரீச்சங்கொட்டை. சைதர் மட்டும் ஒரு ஞாயிறு முழுக்கத் தின்றது, எம்சீலில் உடம்பு, தண்ணீர் பாட்டிலை வெட்டி இறக்கை, கையில் அரிவாளுக்குப் பதில் பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் வெட்டிய இரண்டு பிறை. வெளிச்சத்தில் பிடித்தால் அரிவாளில் என் அப்பாவின் முழங்கால் எலும்பு தெரியும்.

சண்டை விதி பையன் எழுதியது. ஒவ்வொருவருக்கும் உயிர் கேரம் காயின்கள். அவன் ஏன் மூன்று தடவை தோற்றான் என்பதும் விதி எழுதும்போதுதான் வெளியே வந்தது. ஆரம்பத்தில் சிக்கோரிட்டாவை எடுத்திருக்கிறான், அது புல் வகை, பூச்சி அடித்தால் இரட்டை அடி. சைதரிடம் யு-டர்ன் என்று ஒரு வித்தை, அடித்துவிட்டு உடனே உள்ளே ஓடிவிடும், பதிலுக்குக் கூட்டுப்புழு வந்து நிற்கும். இவன் திருப்பி அடிக்கிறது எல்லாம் புழு மேல். பழைய கோல்டில் சைதர் 16-ஆம் லெவல், புதியதில் 17, வித்தையும் அதைவிடக் கொடூரம். நல்ல மருந்து ஜியோடூட் மாதிரி ஒரு கல் வகை. சைதர் பூச்சியும் பறவையும் கலந்தது, கல்லுக்கு இரண்டுமே ஆகாது, இரண்டிரண்டு நாலு மடங்கு அடி. போர்டில் அதைச் சுலபமாக வைத்துவிட்டோம், ஜியோடூட் அடித்தால் சைதர் நாலு காயினைக் கீழே வைக்க வேண்டும்.

முதல் ஆட்டத்தில் நான் பக்சி. கேரம் அண்ணனும் பார்க்க வந்திருந்தார். பையன் வாசலில் ஏறி, கைப்பிடியைச் சுற்றி, முதல் மேடை, தடுப்பைத் திருப்பி இரண்டாம் மேடை, அங்கே ஒரு தடவை பொம்மை சாய்ந்து பாக்கெட்டுக்குப் போய், மறுபடி முதலிலிருந்து வந்து, என் மேடைக்கு வந்து சேர இருபது நிமிடம். சண்டை மூன்று நிமிடம்கூட இல்லை, ஜியோடூட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தான். பேட்ஜுக்குச் சிவப்புக் காயின் கொடுத்தேன். அண்ணன் அதைத் திருப்பிப் பார்த்து, "ரெட் போட்டா ஃபாலோ போடணுமேடா, ஃபாலோ எங்க?" என்று கேட்டார், அதனால் பையன் இன்னொரு தடவை ஜெயிக்க வேண்டியதாயிற்று.

மழை வந்தால் இரண்டாம் தண்டவாளம் மட்டும் இன்னும் தளர்கிறது, நட்டுக்கு அரைத் திருகு வைக்க வேண்டும். விரிசல் விட்ட மூலையில் போல்ட் கொஞ்சம் ஆடுகிறது. போன வாரம் ஜாக்கெட் ஆர்டர் வந்ததும் அக்கா நாலு பாபினைக் கேட்காமலே கழற்றிக்கொண்டு போய்விட்டாள், இப்போது ஐந்து வண்டியில் மூன்றுதான் ஓடுகிறது. மின்ட் தெருப் பக்கம் போகும்போது ஒரு டஜன் வாங்கி வர வேண்டும், இரண்டு டஜனாகவே வாங்கிவிடலாம்.